'திங்' என்னும் சொல்



ஆங்கிலப் பெயர்ச்சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் அர்த்தத்தையும் பிரயோகத்தையும் விளக்கிப் பேசவேண்டும் என்று எனக்குக் கடிதம் எழுதிய இச்சபையின் காரியதரிசி, எந்தச் சொல் என்பதை மட்டும் என் விருப்பத்துக்கு விட்டிருந்தார். நான் 'திங்' என்பதைத் தேர்ந்துகொண்டேன். வீட்டில் இதைச் சொன்னபோது, அகராதி நிறையச் சொற்கள் கிடக்க, ஒரு மணி நேரம் பேசுவதற்கு இந்தச் சொத்தைச் சொல்தானா அகப்பட்டது என்று சிரித்தார்கள். சிரித்ததிலும் நியாயம் உண்டு. ஆங்கிலத்தில் சத்தே இல்லாத பெயர்ச்சொல் எது என்று கேட்டால் பலரும் இதைத்தான் காட்டுவார்கள். ஆயினும் அச்சொல் தன் வாலிபத்தில் எந்தப் பந்தலில் வீற்றிருந்தது என்பதை அறிந்தவர்கள் அப்படிச் சிரிக்கமாட்டார்கள். வாழ்ந்து கெட்ட குடும்பத்தைப் பார்த்துச் சிரிக்கும் பழக்கம் நம்மவரிடம் இல்லை.

எனக்கும் இச்சொல்லுக்கும் பழைய பகை ஒன்று இருக்கிறது. நான் கீழ்வகுப்பில் படித்த காலத்தில், ஓர் ஆளின் பெயர், அல்லது ஓர் இடத்தின் பெயர், அல்லது ஒரு 'திங்'கின் பெயர் 'நவுன்' எனப்படும் என்று எங்கள் உபாத்தியாயர் சூத்திரம் போல ஒப்பிக்கச் செய்தார். ஆள் புரிந்தது, இடமும் புரிந்தது. 'திங்' என்றால் என்ன என்று கேட்டதற்கு அவர் தம் மேஜையைப் பிரம்பால் தட்டி, இதோ இதுதான் என்றார். மறுநாள் அவரே, தைரியம், தூக்கம், கோபம் ஆகியவற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களும் 'நவுன்'களே என்றபோது, தைரியம் ஆளும் அல்ல, இடமும் அல்ல, ஆகவே அது 'திங்' ஆகவேண்டுமே, அதை எங்கே தட்டிக் காட்டுவது என்று நான் எழுந்து கேட்டேன். அன்று மீதிப் பொழுது முழுவதும் பெஞ்சியின்மேல் நின்றேன். பிற்காலத்தில் கட்டுரை எழுதும்போது நான் எங்கே 'திங்' என்று எழுதினாலும் அதைச் சிவப்பு மையால் அடித்து, 'வேறு நல்ல சொல் போடு' என்று ஓரத்தில் எழுதும் வேறோர் உபாத்தியாயரும் வாய்த்தார். இலக்கணத்தின் முதல் சூத்திரத்தில் தூணாக நிற்கும் சொல், கட்டுரையில் மட்டும் குப்பையாகப் போவது எப்படி என்னும் சந்தேகம் அப்போது பிறந்தது. அதன் பலனை இன்று நீங்கள் அனுபவிக்கிறீர்கள்.

முதலில் இன்றைய பிரயோகத்தைச் சற்றுப் பார்ப்போம். பெயர் தெரியாத கருவியும் ஆங்கிலேயனுக்கு 'திங்'. பெயர் தெரிந்தும் நாக்கின் நுனிவரை வந்து நின்றுவிட்டதும் 'திங்'. பன்மையாக்கி 'மை திங்ஸ்' என்றால் என் மூட்டை முடிச்சு. 'ஹௌ ஆர் திங்ஸ்' என்று கேட்டால் வீட்டு நிலவரமும் தொழில் நிலவரமும் சேர்ந்த பொதுவான க்ஷேம விசாரணை. ஒருவர் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு 'தி திங் இஸ்' என்று தொடங்கினாரானால், அதுவரை அவர் பேசியதெல்லாம் வெறும் முன்னுரை என்றும், மனத்தில் மறைத்து வைத்திருந்த சங்கதி, பெரும்பாலும் கடன் கேட்கும் சங்கதி, இனிமேல்தான் வெளிவரப்போகிறது என்றும் தெரிந்துகொள்ளலாம். சிறு சொற்கள் சிலவற்றோடு ஒட்டிக்கொண்டு 'சம்திங்' என்றும் 'எனிதிங்' என்றும் 'எவ்ரிதிங்' என்றும் 'நத்திங்' என்றும் அது வாக்கியம் தோறும் நுழைகிறது. இவற்றுள் 'நத்திங்' என்பது இன்மையைக் குறிக்கும் சொல்லாக இருந்தும், ஷேக்ஸ்பியர் அதைத் தம் நாடகம் ஒன்றின் தலைப்பிலேயே வைத்தார்; அவர் காலத்து உச்சரிப்பில் அச்சொல்லும், கவனித்தல் என்னும் பொருளுடைய 'நோட்டிங்' என்பதும் ஏறத்தாழ ஒன்றாக ஒலித்தமையால், ஒட்டுக் கேட்பதும் தவறாகப் பார்ப்பதுமாகவே நடக்கும் அந்நாடகத்துக்கு அது பொருத்தமான சிலேடை என்று அறிஞர்கள் சொல்லுகிறார்கள்.

மனிதரைக் குறித்து இச்சொல்லை வழங்கும் முறை தமிழருக்கு மிகவும் சுவை தரக்கூடியது. ஒருவரை 'திங்' என்பது அவமதிப்பு. ஆனால் காய்ச்சலில் கிடக்கும் குழந்தையைப் பார்த்து 'புவர் திங்' என்றால் அது இரக்கமும் அன்பும் கலந்த சொல். உயர்திணையை அஃறிணையாக்குவது எப்படி ஒரே சமயத்தில் இகழ்ச்சிக்கும் அன்புக்கும் உதவுகிறது என்று ஆங்கில இலக்கணம் படிப்பவர்கள் வியக்கலாம்; நன்னூல் படித்தவர்களுக்கு வியப்பு இராது. உவப்பினாலும் இழிவினாலும் திணை மாறுவது வழுவன்று, வழுவமைதி என்று பவணந்தியார் விதி செய்து வைத்திருக்கிறார். நம் வீட்டுப் பாட்டிமார் எந்த விதியும் படியாமலே, 'பாவம், அது என்ன செய்யும், பச்சைக் குழந்தை!' என்று அஃறிணையில்தான் பேசுகிறார்கள்.

பெயர் அகப்படாத இடத்தில் இட்டு நிரப்பும் வேலைக்கு நம் பேச்சில் 'திங்' போன்ற சொல் இல்லை என்று எண்ணிவிடவேண்டாம். 'அந்த இதை எடுத்து இதுமேலே வை' என்று அடுக்களையிலிருந்து குரல் வருகிறது. எதை எதன்மேல் வைப்பது என்று கேட்பவன் அக்குடும்பத்துக்குப் புதியவன். 'எதற்கும் ஓர் இது வேண்டும் ஐயா' என்று பெரியவர்கள் சொல்லும்போது அந்த 'இது' மரியாதையா, வரம்பா, பக்குவமா என்பதைக் கேட்போரே நிரப்பிக்கொள்ளுகிறார்கள். ஆங்கிலேயன் ஒரு பெயர்ச்சொல்லைத் தேய்த்துத் தேய்த்து இந்த வேலைக்கு ஆக்கிக்கொண்டான். நாம் சுட்டுப் பெயரைக் கொண்டே சமாளித்துவிட்டோம்.

ஒலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாம் 'திங்' என்று சொல்லும்போது நாக்கு பல்லில் முட்டி நின்று விடுபடுகிறது. ஆங்கிலேயன் நாக்கைப் பற்களுக்கிடையே வைத்துக் காற்றை உரசவிடுகிறான். அந்த ஒலிக்கென்று அவர்களுடைய முன்னோர் தனி எழுத்து ஒன்று வைத்திருந்தார்கள். அதன் பெயர் 'தார்ன்', அதாவது முள். அச்சுத் தொழில் இங்கிலாந்துக்கு வந்த காலத்தில் அந்த எழுத்துக்கு வார்ப்பு இல்லாமையால் அச்சுக்கோப்பவர்கள் உருவத்தில் ஒத்திருந்த 'ஒய்' எழுத்தைப் போட்டார்கள். பழங்காலத் தோற்றத்துக்காக இன்றும் சில கடைகள் தம் பெயர்ப் பலகையில் 'தி' என்பதற்குப் பதிலாக 'யீ' என்று தொடங்கி எழுதிக்கொள்ளுவது அந்தப் பிழையின் மிச்சமே. அந்தக் காலத்து ஆங்கிலேயர் 'தி' என்பதை அப்படி உச்சரித்ததில்லை. முள்ளெழுத்தை இன்றும் கைவிடாமல் எழுதிவரும் நாடு ஐஸ்லாந்து. நம் சொல்லின் பழைய மாளிகையும் அந்நாட்டில்தான் இருக்கிறது.

அந்த மாளிகைக்குப் போகும்முன் இங்கிலாந்திலேயே கிடைக்கும் ஆதாரங்களைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் நூற்றாண்டின் இறுதியில் கெண்ட் நாட்டை ஆண்ட ஹ்லோதேர், எயட்ரிக் என்னும் அரசர்களின் சட்டத்தில் இச்சொல் வருகிறது. அங்கே அதற்கு வஸ்து என்று அர்த்தம் இல்லை, நியாயம் விசாரிக்கும் சபை என்றே அர்த்தம். அதற்கும் முன்னதாக, ரோமானியர் பிரிட்டனின் வடக்கே எழுப்பிய ஹேட்ரியன் மதிலருகில், ஹௌஸ்டெட்ஸ் என்னும் இடத்தில் 1883இல் அகப்பட்ட பலிபீடங்களில், ஜெர்மானியக் குலத்துப் போர்வீரர்கள் மூன்றாம் நூற்றாண்டில் தங்கள் தெய்வத்தை 'மார்ஸ் திங்ஸஸ்' என்று பொறித்திருக்கிறார்கள். சபையைக் காக்கும் போர்த் தெய்வம் என்று அதற்குப் பொருள் கொள்ளுவர். ஜெர்மன் மொழியில் செவ்வாய்க்கிழமையின் பெயர் அத்தெய்வத்தின் பெயரிலிருந்தே வந்தது என்பது பலரும் ஏற்றுக்கொண்ட அபிப்பிராயம். இன்னும் பின்னே போனால், இச்சொல்லின் முதல் அர்த்தம் 'குறித்த காலம்' என்பதாக இருந்திருக்கவேண்டும் என்று மொழிநூலார் ஊகிக்கிறார்கள். நான்காம் நூற்றாண்டுக் கோதிக் மொழி பைபிளில் இதற்கு உறவான சொல் காலத்தையே குறிக்கிறது. குறித்த நாளில் கூடுவதால் கூட்டத்துக்கு அப்பெயர் வந்தது போலும்.

இனி ஐஸ்லாந்து. நார்வேயிலிருந்து கடல் கடந்து அத்தீவில் குடியேறியவர்கள், 930ஆம் ஆண்டில், நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு சபையை ஏற்படுத்தி அதற்கு 'அல்திங்' என்று பெயரிட்டார்கள். அனைவருக்குமான திங் என்பது பொருள். அது கூடிய இடம் 'திங்வெல்லிர்', அதாவது சபைவெளி. பூமியின் மேலோடு இரண்டாகப் பிளந்து விலகிக்கொண்டிருக்கும் பிரதேசம் அது. வட அமெரிக்கத் தட்டும் யூரேசியத் தட்டும் பிரியும் இடத்தில், நெடிய பாறைச் சுவர் ஒருபுறமும், ஆறும் ஏரியும் மறுபுறமுமாக இயற்கையே கட்டிக் கொடுத்த கொலுமண்டபம். கோடையில் இரவு என்பதே ஏறக்குறைய இல்லாத ஜூன் மாதத்தில், நாட்டின் நான்கு திசைகளிலிருந்தும் ஜனங்கள் குதிரைமேல் புறப்பட்டு, சிலர் இரண்டு வாரத்துக்கும் மேலாகப் பிரயாணம் செய்து, அங்கே வந்து கூடுவார்கள். கல்லாலும் புற்கரணையாலும் சுவர் வைத்த குடில்களுக்குத் துணியால் கூரையிட்டுக்கொண்டு இரண்டு வாரம் தங்குவார்கள். வழக்கு நடக்கும்; அதனருகிலேயே மது காய்ச்சுபவனும் வாளுக்குச் சாணை பிடிப்பவனும் கதை சொல்லுபவனும் கடை விரிப்பார்கள்; கலியாணப் பேச்சுக்களும் முடியும். நம் ஊர்த் திருவிழாவையும் ஜில்லாக் கோர்ட்டையும் ஒரே பந்தலில் வைத்தாற்போன்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்நாட்டில் அப்போது அரசன் இல்லை, சேனை இல்லை, எழுதப்பட்ட சட்டமும் இல்லை. சட்டம் ஒரு மனிதனுடைய ஞாபகத்தில் இருந்தது. 'சட்டம் சொல்லுவோன்' என்னும் அந்த அதிகாரியை மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தேர்ந்தெடுப்பார்கள். அவன் சட்டப்பாறை என்னும் மேட்டில் நின்று, ஆண்டுக்கு மூன்றில் ஒரு பங்காக, தன் பதவிக் காலத்துக்குள் சட்டம் முழுவதையும் உரக்கச் சொல்லி முடிக்கவேண்டும். சட்டத்தை எழுத்தில் வைக்கும் வேலை 1117ஆம் ஆண்டு குளிர்காலத்தில்தான் தொடங்கியது. வேதத்தைச் செவிவழியே காத்த மரபை அறிந்த நமக்கு இது நம்பமுடியாத செய்தி அல்ல. ஆனால் காப்பாற்றப்பட்டது இங்கே தோத்திரம் இல்லை, எல்லைத் தகராறும் கொலைக் குற்றமும் பற்றிய விதிகள் என்பதை நினைத்துப் பார்க்கவேண்டும்.

1000ஆம் ஆண்டை ஒட்டி அச்சபையில் ஒரு பெரிய சோதனை நேர்ந்தது. கிறிஸ்தவர்களும் பழந்தெய்வங்களை வணங்குவோரும் இரு கட்சியாகப் பிரிந்து, இனி உங்கள் சட்டம் உங்களுக்கு, எங்கள் சட்டம் எங்களுக்கு என்று சொல்லும் நிலைக்கு வந்துவிட்டார்கள். தீர்ப்பு, சட்டம் சொல்லுவோனாகிய தோர்கெயிரிடம் விடப்பட்டது. அவனோ பழைய மதத்தைச் சேர்ந்தவன். அவன் தன் குடிலுக்குச் சென்று, போர்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டு, அன்று பகலும் இரவும் ஒரு வார்த்தை பேசாமல் கிடந்தான். மறுநாட் காலையில் சட்டப்பாறைக்கு வந்து, ஒரு நாட்டுக்கு இரண்டு சட்டம் கூடாது, சட்டம் இரண்டானால் சமாதானம் போய்விடும் என்று எடுத்துரைத்து, எல்லாரும் கிறிஸ்தவராக வேண்டும் என்று தன் மதத்துக்கே விரோதமாகத் தீர்ப்புச் சொன்னான். குதிரை மாமிசம் உண்ணுவது முதலிய சில பழைய வழக்கங்களுக்கு மட்டும் சில காலத்துக்கு விலக்குக் கொடுத்தான். இருதரத்தாரும் ஏற்றுக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். இதை நமக்கு எழுதி வைத்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டுச் சரித்திர ஆசிரியர் ஆரி. அந்தச் சபைக்குத்தான் 'திங்' என்று பெயர். என் உபாத்தியாயர் பிரம்பால் தட்டிக் காட்டிய மேஜையோடு இதைச் சற்று ஒப்பிட்டுப் பாருங்கள்!

பழைய அர்த்தம் வட ஐரோப்பாவில் இன்றும் உயிரோடிருக்கிறது. நார்வேயின் பார்லிமெண்டு 'ஸ்டோர்ட்டிங்', பெரிய திங்; டென்மார்க்கினுடையது 'ஃபோல்கெட்டிங்', மக்கள் திங். ஸ்காட்லாந்தில் டிங்வால், ஷெட்லாந்தில் டிங்வால், லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் திங்வால், மான் தீவில் டின்வால்டு: இவையெல்லாம் வைக்கிங்குகள் சென்று தங்கிய இடங்கள்தோறும் நட்டுவைத்த அதே சபைவெளிகளே. மான் தீவில் ஆண்டுதோறும், பெரும்பாலும் ஜூலை 5ஆம் தேதி, ஒரு சிறு மேட்டின்மேல் கூடி, புதிய சட்டங்களை ஆங்கிலத்திலும் அத்தீவின் மாங்ஸ் மொழியிலும் ஜனங்களுக்கு இன்றும் அறிவிக்கிறார்கள்.

நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் அந்தப் பழைய திங் ஒளிந்துகொண்டிருக்கிறது. தேர்தல் வந்தால் அவை விடாமல் எழுதும் 'ஹஸ்டிங்ஸ்' என்னும் சொல், 'வீட்டுத் திங்' என்பதன் மரூஉ. அரசன் தன் பரிவாரத்தை மட்டும் கூட்டும் சிறு சபை முதலில் அப்பெயர் பெற்றது, பின்பு லண்டன் நகரத்து நியாயஸ்தலம், பின்பு அதில் அதிகாரிகள் அமரும் மேடை, பின்பு அபேட்சகர்கள் ஏறி நின்று பேசும் மேடை. இரகசிய வாக்குச் சட்டம் 1872இல் வந்து இங்கிலாந்தில் மேடையே போய்விட்டது. சொல் மட்டும் நம்மூர் வரையில் வந்துவிட்டது.

சபை எப்படி வஸ்துவாயிற்று? படிப்படியாகத்தான். கூடும் சபை, சபையில் எடுத்துக்கொள்ளும் வழக்கு, வழக்குக்கு ஆதாரமான விஷயம், எந்த விஷயமும், எந்த வஸ்துவும். ஒவ்வொரு படியும் சிறியது. கீழே வந்து நின்று அண்ணாந்து பார்த்தால்தான் எவ்வளவு உயரத்திலிருந்து இறங்கினோம் என்பது தெரிகிறது. இது ஆங்கிலத்துக்கு மட்டும் நேர்ந்த விதி என்றால் தற்செயல் எனலாம். லத்தீனில் 'கௌஸா' என்பது காரணத்தையும் நியாயஸ்தல வழக்கையும் குறித்த கௌரவமான சொல். அதுவே பிரெஞ்சில் 'ஷோஸ்' என்றும் இத்தாலியத்தில் 'கோஸா' என்றும் தேய்ந்து, வெறும் வஸ்துவைக் குறிக்கிறது. ஜெர்மனியின் 'ஸாஹே' என்பதும் முன்பு தாவா, பின்பு விஷயம், இப்போது சாமான். அதன் உடன்பிறப்புத்தான், ஆங்கிலத்தில் இன்னாருக்காக என்று சொல்லும்போது வரும் 'ஸேக்' என்பது. குடியரசின் லத்தீன் பெயரில் இருக்கும் 'ரெஸ்' என்னும் சொல்லின் கதி இன்னும் விபரீதமானது; பிரெஞ்சில் அது 'ரியன்' ஆகி, ஒன்றுமில்லை என்னும் பொருளுக்கு வந்து சேர்ந்தது! மனிதர்கள் எதைப் பற்றி ஒன்றுகூடிச் சண்டையிடுகிறார்களோ அதுதான் முதலில் அவர்களுக்கு 'விஷயம்' ஆகிறது போலும்; சண்டைக்கு வராத வஸ்துக்களுக்குப் பெயர் பிற்பாடுதான் தேவைப்பட்டது.

நம் மொழியில் தேடினாலும் இதன் சாயல் கிடைக்கிறது. வடமொழியில் 'வியவகாரம்' என்பது தர்மசாஸ்திரத்தில் நீதி விசாரணைக்குப் பெயர், உலக நடவடிக்கைக்கும் பெயர். நாம் அதை 'விவகாரம்' ஆக்கி, 'அந்த விவகாரம் எனக்குத் தெரியாது' என்று ஆங்கிலேயன் 'திங்' சொல்லும் இடத்திலேயே சொல்லுகிறோம். தமிழில் 'வழக்கு' என்னும் சொல் உலக வழக்கு, செய்யுள் வழக்கு என்று மொழியின் பிரயோகத்தையும் குறிக்கும். கண்ணகி பாண்டியன் முன் சென்று நின்ற வழக்குரை காதையிலே நியாயத்துக்கான வாதத்தையும் குறிக்கும். 'பதார்த்தம்' என்பதன் கதையோ கண்ணீர் வரவழைப்பது: சொல்லின் பொருள் என்று பிறந்து, வைசேஷிக சாஸ்திரத்தில் உலகத்தின் உண்மைகளையெல்லாம் வகுக்கும் பெரும்பெயராக ஓங்கி, கடைசியில் நம் வீட்டுப் பந்தியில் கூட்டும் பொரியலுமாக இலையில் வந்து விழுந்தது. எல்லாவற்றையும்விடப் பெரியது 'பொருள்' என்னும் நம் சொல். வஸ்துவும் அதுவே, செல்வமும் அதுவே, சொல்லின் அர்த்தமும் அதுவே, நூல் நுவலும் விஷயமும் அதுவே. 'திங்' என்பதைவிட இது செல்வமுள்ள குடும்பம் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

அந்தச் செல்வமே மொழிபெயர்ப்பாளருக்கு வினையாகவும் முடிகிறது. 'திங்' என்று கண்ட இடமெல்லாம் 'பொருள்' என்று போட்டுவிட்டால், நிலைமை மோசம் என்று ஆங்கிலத்தில் இருப்பது தமிழில் 'பொருள்கள் மோசம்' என்று ஆகி, மளிகைக் கடைக்காரர்மேல் பழி விழுகிறது. இப்படிப்பட்ட வாக்கியங்களை நான் அச்சில் கண்டிருக்கிறேன். என் அபிப்பிராயம், இச்சொல்லைப் பெரும்பாலும் மொழிபெயர்க்கவே கூடாது என்பது. அது குறிப்பதைத் தமிழில் நேராகச் சொல்லவேண்டும், அல்லது 'அது', 'இது' என்னும் சுட்டோடும் வினைமுற்றின் விகுதியோடும் விட்டுவிடவேண்டும். 'அவன் செய்தது சரி' என்பதில் 'திங்' எங்கே இருக்கிறது என்று தேடிப்பாருங்கள். செய்தது என்பதன் கடைசி 'து'வில் இருக்கிறது.

இச்சொல்லைத் தத்துவ ஞானிகளும் விடவில்லை. காண்ட் அறியமுடியாத 'தன்னிலைப் பொருள்' என்று ஒன்றைக் கூறி ஐரோப்பாவைக் கலக்கியதும், ஹைடெக்கர் 1950இல் ஒரு குவளையை முன்வைத்துத் 'திங்' என்பது யாது என்று சொற்பொழிவாற்றி, அதில் பழைய சபைப் பொருளையும் நினைவூட்டியதும் பெரிய விஷயங்கள். என் சக்திக்கு மேற்பட்டவை. எனக்குப் பிடித்தவர் ஸ்விஃப்ட். 1726இல் வெளிவந்த கலிவரின் யாத்திரையில், லகாடோ நகரத்து வித்துவான்கள் சொற்களே வேண்டாம், பேசவேண்டிய வஸ்துக்களையே சுமந்து போய்க் காட்டிவிடலாம் என்று தீர்மானிக்கிறார்கள். விஷயஞானம் மிகுந்தவன் மூட்டை கனத்தது. இரண்டு பண்டிதர்கள் தெருவில் சந்தித்தால் நடைவியாபாரிகளைப் போல மூட்டையை இறக்கி ஒரு மணி நேரம் காட்டிக் காட்டிச் சம்பாஷிப்பார்கள். நாட்டுப் பெண்கள் பாமர ஜனங்களோடு சேர்ந்து, எங்கள் நாக்கைப் பிடுங்கினால் கலகம் செய்வோம் என்று சொல்லி மொழியைக் காப்பாற்றினார்கள். சொற்களை ஒழிக்காமல் குறைக்க மட்டும் முயன்றவரும் உண்டு. ஆக்டன் என்னும் அறிஞர் 1930இல் 850 சொற்களில் ஆங்கிலத்தைச் சுருக்கியபோது, அவற்றில் 600 பெயர்ச்சொற்களுக்கு இட்ட தலைப்பு 'திங்ஸ்'. அந்த 600இலும் 'திங்' ஒன்று! அதைத் தள்ளினால் மற்றவற்றுக்குத் தலைப்பே இல்லாமற் போயிருக்கும். ஆகவே அதை வாழ்ந்து கெட்ட சொல் என்று தொடக்கத்தில் நான் சொன்னதைத் திருத்திக்கொள்ளுகிறேன். கௌரவம் போயிற்று, வேலை போகவில்லை.

கடைசியாக ஐஸ்லாந்துக்கே திரும்புவோம். ஐஸ்லாந்துக்காரர்களின் அல்திங் 1800இல் கலைக்கப்பட்டு 1845இல் மீண்டும் கூட்டப்பட்டது. 1944ஆம் ஆண்டு ஜூன் 17ஆம் தேதி, கொட்டும் மழையில், அதே சபைவெளியில் நின்று அவர்கள் தங்கள் குடியரசைப் பிரகடனம் செய்தார்கள். அவர்கள் பேச்சில் 'திங்' என்பது இன்றும் பெரும்பாலும் சபையே. மேஜைக்கும் நாற்காலிக்கும் பொதுப்பெயர் வேண்டுமானால் 'ஹ்லூதூர்' என்கிறார்கள்; பங்கு என்பது அதன் பழைய அர்த்தம், ஆங்கில 'லாட்' அதற்கு உறவு. உபாத்தியாய நண்பர்களே, மாணவன் எழுதிய 'திங்'கைச் சிவப்பு மையால் அடியுங்கள், நான் தடுக்கவில்லை. அடித்த பிறகு, தோர்கெயிர் போர்வைக்குள் கிடந்த கதையை அவனுக்குச் சொல்லுங்கள்.